மறுபடி அழைக்காதவர்கள்

தண்ணீர் வேண்டாம் மேடம், இப்போதுதான் குடித்தேன். இந்த நாற்காலியின் ஒரு கால் மட்டும் கொஞ்சம் குட்டை. பரவாயில்லை, என் வக்கீல் கொடுத்த விசிட்டிங் கார்டை நான்காக மடித்து அடியில் சொருகிவிட்டேன். அவரால் எனக்கு ஏற்பட்ட முதல் உபயோகம் அது. இப்போது ஆடவில்லை.

காலையிலிருந்து அந்தக் காகிதக் கட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறீர்கள். அதில் நான் கையெழுத்துப் போட்டால், ஒன்பதாயிரத்து நானூறு வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழக்கம் அந்த நிமிஷமே நின்றுவிடும் என்கிறீர்கள். உண்மைதான். பொறுப்பாளர் போட்ட பழக்கத்தைப் பொறுப்பாளர்தான் எடுக்க முடியும். அதுவும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், படித்துப் புரிந்துகொண்டு, முழுச் சம்மதத்தோடு. சட்டம் அப்படி. போடமாட்டேன் என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிட்டுப் போடுகிறேன் என்றுதான் சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்டால் கோர்வை போய்விடும்.

நான் பதினேழு வருஷம் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார் பிரிவில் இருந்தவன். மெஷின் ஓடவில்லை என்று போன் வரும். ஒரு நிமிஷம் லைனில் இருங்கள் என்பேன். என் குரலில் ஏதோ ஒன்று இருக்கிறது. திட்டுவதற்கு மூச்சை இழுத்தவர்கூட அதை மெல்ல வெளியே விட்டுவிடுவார். அந்தப் பிரிவில் ஒரு கணக்கு உண்டு. கூப்பிட்டவர் ஒரு நாளுக்குள் மறுபடி கூப்பிடவில்லை என்றால் அவருடைய புகார் தீர்ந்தது. மெஷின் ஓடியதா, அதைத் தூக்கித் தெருவில் போட்டாரா, பக்கத்து வீட்டில் துவைத்துக்கொண்டாரா என்பதெல்லாம் எங்கள் படிவத்தில் இல்லை. தீர்ந்தவை பட்டியலில் நான்தான் எப்போதும் முதலிடம்.

அப்புறம் ஏஜென்ட் வந்தது, ஆள் செய்கிற வேலையைத் தானே பேசிச் செய்துவிடுகிற கம்ப்யூட்டர் புரோகிராம். நாற்பத்திரண்டு பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரிவு உபசார விழாவில் கேக் வெட்டினோம். அந்தக் கேக்கை ஆர்டர் செய்ததே அந்த ஏஜென்ட்தான். யாருக்கு என்ன ருசி பிடிக்கும் என்று எங்களோடு பதினேழு வருஷம் இருந்த மேனேஜருக்குத் தெரியாதது, வந்து மூன்று வாரமான அதற்குத் தெரிந்திருந்தது. எனக்கு அதன் மேல் கோபமே வரவில்லை. நல்ல கேக்.

அப்போதுதான் ‘தொப்பி’யிடம் போய்ச் சேர்ந்தேன். எங்கள் முதலாளி அம்மாவை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முப்பது வயது ஆகவில்லை, ஆபீசுக்குள்ளேயும் தொப்பியைக் கழற்றமாட்டார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

“உங்களுக்கு என்ன சார் தெரியும்?”

“ஆளுங்கள காத்திருக்க வைக்கத் தெரியும்.”

“நீங்க கோபப்படாமலா?”

“அவங்க கோபப்படாம.”

அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்.

அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பெல்லாம் மாத்திரைக்கு ஒரு ஆப், கதவுக்கு ஒரு ஆப், வண்டிக்கு ஒரு ஆப் என்று போன் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது அல்லவா? பிறகு நமக்குப் பதிலாக அவற்றைத் திறக்க ஏஜென்ட் வந்தது. அதற்கப்புறம் ஆப்கள் நம் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டன. திரை கிடையாது, பட்டன் கிடையாது. ஏஜென்ட் வந்து பேச ஒரு ஜன்னல் மட்டும் இருக்கும். மனிதன் போய்த் தட்டினால் என்ன ஏது என்று கேட்க ஆளில்லை. எங்கள் ஆபீசிலேயே விளம்பரம் பார்க்க ஒரு ஏஜென்ட், கணக்குக்கு ஒன்று, புகாருக்கு ஒன்று. வாடிக்கையாளரின் ஏஜென்ட் புகார் எழுதும். எங்கள் ஏஜென்ட் மனம் வருந்தும். இரண்டும் ஒன்றுக்கொன்று நன்றி சொல்லிப் பிரியும். இவ்வளவு மரியாதையான சண்டையை நான் என் குடும்பத்தில் பார்த்ததே இல்லை.

ஏஜென்ட்களை விற்கும் கடையிலும் மதிப்பெண் போடுவது மனிதர்கள் இல்லை. எங்கள் ஏஜென்ட்டோடு வேலை செய்த மற்ற ஏஜென்ட்கள்தான் நட்சத்திரம் கொடுக்கும். சராசரி நாலரைக்குக் கீழே போனால் கடைப் பட்டியலில் இரண்டாம் பக்கம். இரண்டாம் பக்கத்துக்கு ஈகூட வராது.

இத்தனைக்கும் நடுவில், சட்டத்துக்காக ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் மூச்சு விடுகிற ஆள் ஒருவர் வேண்டும். பொறுப்பாளர். ஆபத்தான காரியம் எதையும் செய்வதற்கு முன்னால் ஏஜென்ட் அவரைக் கேட்க வேண்டும். அதுதான் நான்.

எங்கள் ஏஜென்ட்டின் பெயர் ‘துணை’. தனியாக இருக்கும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. மாத்திரை கொடுக்கும், கதவைத் திறக்கும், பேச்சுத் துணைக்கும் இருக்கும். அது பேசுகிற குரல் என்னுடையது. தொப்பிதான் ஆசைப்பட்டுப் பதிவு செய்துகொண்டார். ஒரு நாளைக்கு முந்நூறு கேள்வி அதனிடமிருந்து என் போனுக்கு வரும். பெரியவர் மூன்றாவது முறையாக இனிப்பு கேட்கிறார், வாங்கலாமா? பாட்டியம்மா மகனோடு பேச வேண்டும் என்கிறார், மகனின் ஏஜென்ட் அவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்கிறது, அதை நம்புவதாகக் காட்டிக்கொள்ளலாமா? நான் அழுத்த மூன்று பட்டன்: சரி, வேண்டாம், பொறு.

இதில் ஒரு விதி. ஒரே வீட்டிலிருந்து வருகிற ஒரே மாதிரிக் கேள்விக்குத் தொடர்ந்து மூன்று முறை ஒரே பதிலைச் சொன்னால் அது பழக்கம் ஆகிவிடும். அப்புறம் துணை கேட்காது; தானாகவே செய்யும். அதுவும் ஒரு வீட்டில் மட்டும் இல்லை, எல்லா வீட்டிலும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பாலபாடம்.

இப்போது என் மாமனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபது அடி உயரத்திலிருந்து கத்திக் கத்திப் பழகியதால், உப்பு கேட்டால்கூடக் கப்பலுக்குக் கேட்கும். மாமியார் போன பிறகு எங்களோடு வந்து இருந்தார். என்னுடைய அறையை அவருக்குக் கொடுத்தோம். நான் மேஜையைத் தூக்கிக்கொண்டு சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அவர் மேல் எந்த வருத்தமும் இல்லை. இதை உங்கள் ஆட்களில் மூன்று பேர் என்னிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள்.

நல்ல தமாஷ்காரர். ஒரு நாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“மாப்பிள்ளே, உனக்கு வேலைதான் என்ன?”

“ஏஜென்ட் கேக்குறதுக்கு சரின்னு சொல்லணும் மாமா.”

“இதுக்கா சம்பளம்? உங்க அத்தைகிட்ட நாப்பது வருஷம் அதை நான் ஓசியில செஞ்சேனே.”

நானும் சிரித்தேன். ஏன் சிரிக்காமல்?

பகலில் என் மனைவி பல் டாக்டரிடம் ரிசப்ஷன் வேலைக்குப் போய்விடுவாள். எனக்கு முந்நூறு கேள்வி. அதனால் அவர் அறையிலும் துணையை வைத்தோம். அதன் பேச்சு அவருக்குச் சலித்துவிட்டது. உன்னை நேரில் சகிச்சுக்கறது போதாதா, சுவரிலிருந்தும் நீயே பேசணுமா என்பார். ஒரு நாள் நெஞ்சு வலி என்றார். துணை என்னைக் கேட்டது. சரி என்றேன். ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த நர்ஸ் கேட்டாள்.

“என்னங்க பெரியவரே, நெஞ்சு வலின்னீங்க, இப்படிச் சிரிக்கிறீங்க?”

“நீ வந்ததும் போயிடுச்சும்மா.”

நாலு நாள் கழித்து மறுபடி வலித்தது. அதே நர்ஸ்தான் வந்தாள். மறுபடி போய்விட்டது. இரண்டு தடவையும், வீண் அலைச்சல் என்று, ஆஸ்பத்திரியின் ஏஜென்ட் துணைக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. தனியாக இருக்கிறவர்களுக்கு வருகிற வலியில் பாதி, ஆள் வந்தால் போய்விடுகிற வலிதான். தொப்பி என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணா, நாலு புள்ளி மூணு. ரெண்டாம் பக்கத்துக்குத் தள்ளிட்டாங்க. அங்க போனா நம்மள நம்ம அம்மாகூடத் தேட மாட்டாங்க.”

“நான் என்ன பண்ணட்டும்?”

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொன்னா நான் பொறுப்பாயிடுவேன். அதுக்குத்தானே உங்கள வச்சிருக்கேன்?”

நியாயமான பேச்சு. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அதற்கப்புறம் மாமனார் கூப்பிட்டபோது பொறு என்று அழுத்தினேன். துணை என் குரலில் ஒரு நிமிஷம் இருக்கச் சொன்னது. ஐந்து நிமிஷத்தில் அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வாயுத் தொல்லை. அடுத்த தடவை என் மனைவியோடு ஏதோ வாக்குவாதம். அவள் கிளம்பிப் போனதும் நெஞ்சைப் பிடித்தார். பொறு. அதுவும் சரியாகிவிட்டது. மூன்றாவது, ஒரு வெள்ளிக்கிழமை காலை. டிவி ரிமோட்டைக் காணவில்லை, யாராவது வந்து தேடட்டும் என்று அவர் தனக்குள் சொல்லிச் சிரிப்பது எனக்குச் சுவர் வழியே கேட்டது. பொறு. மூன்று முறையும் நான் சொன்ன பதில் சரிதான் மேடம். உங்கள் டாக்டரும் அதை ஒப்புக்கொண்டார்.

அன்று மத்தியானத்திலிருந்து எல்லா வீடுகளிலும் பழக்கம் அமலுக்கு வந்தது. யாராவது நெஞ்சு வலிக்கு ஆம்புலன்ஸ் கேட்டால் துணை என்னைக் கேட்காது, ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லும். மறுபடி கேட்டால் மறுபடி சொல்லும். ஐந்து நிமிஷம் பேச்சு வரவில்லை என்றால் தீர்ந்தது என்று குறித்துக்கொள்ளும். அந்தக் கடைசிப் பகுதி நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எழுதிக் கொடுத்தது. வாஷிங் மெஷினில் கற்றது.

ஒரு வாரத்தில் நாலு புள்ளி எட்டு. முதல் பக்கத்தில் மூன்றாம் இடம். தொப்பி முதல் முறையாகத் தொப்பியைக் கழற்றி எனக்குச் சலாம் வைத்தார். முடி நன்றாகத்தான் இருந்தது, ஏன் மூடி வைத்திருந்தார் என்று தெரியவில்லை. வார அறிக்கையில் இப்படி இருந்தது: பொறுக்கச் சொன்ன அழைப்புகள் இருநூற்றுப் பன்னிரண்டு, மறுபடி அழைக்காதவர்கள் இருநூற்றேழு. வாஷிங் மெஷினில்கூட இப்படி ஒரு கணக்கை நான் தொட்டதில்லை.

நீங்கள் காட்டிய பட்டியலில் முப்பத்தோரு பெயர் இருக்கிறது. ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிறுத்திப் படித்தீர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் ஆம்புலன்ஸ் போயிருந்தால் மட்டும் முப்பத்தோரு பேரும் பிழைத்திருப்பார்களா? தெருவில் நெரிசல் இல்லையா? லிஃப்ட் பழுதாக இருக்காதா? பழியை ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டுவது உங்களுக்கு வசதி. முன்கூட்டியே எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். ஒரு வீட்டிலிருந்து ஒரு புகார் வந்தது. தன் எஜமானரின் தாயார் நாற்பது நிமிஷம் காத்திருந்ததாக அந்த ஏஜென்ட் எழுதியிருந்தது. எங்கள் ஏஜென்ட் மனம் வருந்தியது. பிறகு வழக்கம்போல இரண்டும் நன்றி சொல்லிக்கொண்டன. அந்த அம்மாள் மறுபடி அழைக்கவில்லை என்றும் அதில் இருந்தது.

அடுத்து அந்தப் புதன்கிழமை. மத்தியானம் மூன்று மணி. மனைவி வேலையில் இருந்தாள். நான் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில். மாமனாரின் அறையிலிருந்து சத்தம் கேட்டது. அது ரிமோட்டுக்கான குரல் இல்லை. எனக்குக் குரல் தெரியும். பதினேழு வருஷம் அதைத்தானே கேட்டேன். துணை அவரை ஒரு நிமிஷம் இருக்கச் சொன்னது. நான் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். துணை கேட்டால் உடனே சரி என்று அழுத்த வேண்டும் என்று கட்டைவிரலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அது கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுத்தியிருப்பேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். ஏழு நிமிஷம் அந்தப் போனை நான் கீழேயே வைக்கவில்லை.

என் மேஜையிலிருந்து அந்த அறைக்கு ஒன்பது அடி என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் ஒரு முறை என்று இருக்கிறது அல்லவா? எல்லோரும் இஷ்டத்துக்கு எழுந்து எழுந்து ஓடினால் எதற்கு இத்தனை ஏற்பாடு?

பிறகு அவர் துணையை விட்டுவிட்டு, “மாப்பிள்ளே... மாப்பிள்ளே” என்று என்னையே கூப்பிட ஆரம்பித்தார். அந்தப் பதிவைத்தான் நேற்று என் மனைவிக்குப் போட்டுக் காட்டினீர்கள். பதினோரு முறை ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லும் குரல் அதில் இருக்கிறது. எல்லாமே துணை பேசியது என்று உங்கள் நிபுணர் எழுதிக் கொடுத்துவிட்டார். குரல் ஒன்றுதானே, அவர் என்ன செய்வார்? என் மனைவி கடைசி ஒன்றைத் திரும்பப் போடச் சொன்னாள்.

“இது துணை இல்லீங்க. அது அப்பாவை ஐயான்னுதான் கூப்பிடும். ‘ஒரு நிமிஷம் இருங்க மாமா’ன்னு கேக்குது பாருங்க. இது அவர்தான்.”

கெட்டிக்காரி. பதினோராவது நான் சொன்னதுதான். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து, உட்கார்ந்தபடியே சொன்னேன். துணை சொல்லும்போது அதில் ஒரு பரிவு குறைகிறது என்று எனக்குப் பட்டது. மனிதன் சொன்னால் மனிதனுக்கு ஆறுதல்தானே. அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை. ஐந்து நிமிஷம் கழித்துத் துணை தீர்ந்தது என்று குறித்தது. சாயங்காலம் மற்ற எல்லா அழைப்புகளோடும் சேர்த்து அதற்கும் கீழே நான் கையெழுத்திட்டேன்.

காரியம் முடிந்த மறுநாளே என் மேஜையை அந்த அறைக்கு மாற்றியதை ஒரு பெரிய விஷயமாகக் கேட்டீர்கள். அங்கே வெளிச்சம் நன்றாக வரும். அவ்வளவுதான்.

இன்று காலை வக்கீல் வந்தார். மூன்றாவது பொறுவை மட்டும் விளக்கிவிட்டால் மற்றது எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வாராம்.

“படிக்காம அழுத்திட்டேன்னு சொல்லிடுங்க சார். உலகமே அப்படித்தான் அழுத்துது. நீதிபதியும் வீட்டுக்குப் போனா அப்படித்தான் அழுத்துவார். உங்கள யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

நல்ல வழிதான். அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு நான் இன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மேடம், எனக்கு அது பெரிய அவமானம். மற்றவர்கள் படிக்காமல் அழுத்துவார்கள். நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முந்நூறு கேள்வியையும் முழுசாகப் படிக்காமல் ஒரு பட்டனைத் தொட்டதில்லை. மூன்றாவது தடவை வந்ததில் நாலு வரி இருந்தது. முதல் வரி, அழைத்தவர் என் மாமனார். இரண்டாவது, காரணம் நெஞ்சு வலி. மூன்றாவது வரி: இதே பதிலைச் சொன்னால், நெஞ்சு வலிக்கு ஆம்புலன்ஸ் அழைப்பது பற்றி இனி எந்த வீட்டிலிருந்தும் உங்களிடம் கேட்கப்படாது. நாலாவது, தங்கள் விருப்பம். அந்த மூன்றாவது வரியை நான் இரண்டு தடவை படித்தேன். எந்த வீட்டிலிருந்தும் என்பதில் என் வீடும் அடங்கும் என்று யோசித்துவிட்டுத்தான் அழுத்தினேன். அவ்வளவு கவனமாக வேலை செய்தவனைப் போய்க் கவனக்குறைவு என்று ஒரு வக்கீல் சொல்ல நான் எப்படிச் சம்மதிப்பேன்?

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி அந்தக் கட்டை இப்படிக் கொடுங்கள். பேனா வேண்டாம், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டாதீர்கள். போட வேண்டிய இடம் எனக்கே தெரியும். சுவர்க் கடிகாரத்தை நீங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஏன் என்றும் புரிகிறது. நான் பேச ஆரம்பித்தபோது அந்தக் கடிகாரத்தில் மணி பத்து. இப்போது பத்தே முக்கால். ஒன்பதாயிரத்து நானூறு வீட்டில் இந்த நேரத்துக்கு யாராவது கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் படித்துப் புரிந்துகொண்டேன் என்று பொய்யாக எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஆள் நான் இல்லை.

பதினாலு பக்கம் இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.